ஆரஞ்சு பேஸ்ட்

பேஸ்ட் பூசுகிறவன் மெக்கானிக் இல்லை, மேக்கப் மேன். இந்த வாக்கியத்தை உண்டாக்கி இந்த வட்டாரம் முழுக்கப் பரப்பியவன் நான்தான். இன்ஜினில் இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் எண்ணெய் கசியாமல் இருக்க நடுவில் பேக்கிங் வைக்க வேண்டும். அந்த விளிம்புக்கு ஏற்ப வெட்டிய தடித்த தாள், அவ்வளவுதான். அதை வைக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு, ட்யூபிலிருந்து ரப்பர் பேஸ்ட்டைப் பிதுக்கி அப்பி மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே பிதுங்குவதைத் துடைத்துவிடலாம். உள்ளே பிதுங்குவது யார் கண்ணுக்கும் படாது. அது காய்ந்து, ஒருநாள் பிய்ந்து, எண்ணெயோடு சேர்ந்து ஊர்வலம் போகும். இதைக் கடைக்கு வருகிற எல்லோருக்கும் நான் பாடமே நடத்தியிருக்கிறேன்.

இரண்டு தெரு தள்ளி இன்னொரு மெக்கானிக் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வேலையில் ஆமை. பதினோரு வருடங்களுக்கு முன்னால் அவர் மூடிய ஒரு இன்ஜின் என்னிடம் வந்தது. விளிம்பு முழுக்கப் பேஸ்ட். அன்றைக்கே அவருக்குப் 'பேஸ்ட்டு' என்று பட்டம் கட்டினேன். பெயரும் பேஸ்ட்டைப் போலவே ஒட்டிக்கொண்டது. இப்போது வழி கேட்கிறவர்கள்கூட, 'பேஸ்ட்டு கடை எங்க இருக்கு' என்றுதான் கேட்கிறார்கள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஒப்புக்கொள்கிறேன். கடையில் உதவிக்கு ஆள் கிடையாது. இருந்த மூன்று பேரும் என் வாய்க்குப் பயந்து ஓடிப்போனார்கள். வேலை சுத்தமாக இருந்தால் வாய் நீளமாக இருக்கலாம் என்பது என் கட்சி.

அக்காவின் பிக்கப் திங்கட்கிழமை காலை வந்தபோது தெருமுனையிலேயே சத்தம் கேட்டுவிட்டது. டீசல் இன்ஜின் எப்படியும் முரடுதான். ஆனால் இது, உள்ளே ஒருவன் மாட்டிக்கொண்டு சுத்தியலால் தட்டுகிற சத்தம். பேரிங் போய்விட்டது என்று பார்க்காமலே தெரிந்தது. வண்டி நின்றதும் பக்கத்து சீட்டில் இருந்த அத்தான் கையை நீட்டிச் சாவியைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அக்கா இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலேயே வைத்திருந்தாள்.

அது முட்டை வண்டி. பண்ணையில் ஏற்றிக் கடை கடையாக இறக்குவது அவர்கள் தொழில். முன்பு அத்தான்தான் ஓட்டினார். மூன்று வருடங்களுக்கு முன்னால் முட்டைத் தட்டுகளை இறக்கும்போது ஏணியிலிருந்து விழுந்தார். முதுகில் அடிபட்டதிலிருந்து கிளட்ச் மிதிக்கிற கால் மரத்துப்போகிறது. 'நான் ஓட்டறேன்' என்று அக்கா சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். நாற்பத்திரண்டு வயதில் லைசென்ஸ் எடுத்தாள். அத்தான் ஓட்டிய காலத்தில் ஒவ்வொரு நடைக்கும் ஒரு தட்டாவது உடையும். அவள் ஓட்ட ஆரம்பித்த பிறகு வீட்டில் ஆம்லெட்டையே கண்ணில் பார்க்க முடியவில்லை என்று அத்தானே பெருமையாகக் குறைபட்டுக்கொள்வார். அந்த அத்தான்தான் இப்போது சாவியைப் பிடுங்கினார்.

"மச்சான், நீயே பாரு. ஓடற வண்டிய என்ன கதி ஆக்கி வெச்சிருக்கான்னு பாரு" என்றார்.

நான் பானட்டைத் தூக்கி ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மூடினால் அது என் வாயா?

"ஆயில் பாத்தியா இல்லையாக்கா?"

"தினம் காலைல பாக்கறேன்டா. இதோ பாரு." சீட்டுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கிய மஞ்சள் துணியை எடுத்துக் காட்டினாள். பழைய துண்டைக் கிழித்தது. குச்சியைத் துடைத்துத் துடைத்து வரிவரியாகக் கறை.

"நேத்து ஊத்திட்டு இன்னைக்குத் துணியக் காட்டற வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம். இந்த இன்ஜின் ஆயில் இல்லாம ஓடியிருக்கு. இந்தச் சத்தம் வேற எதுக்கும் வராது."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு துணியை மடித்தாள். அத்தான் தலையை மேலும் கீழும் ஆட்டினார். "கேட்டுக்கோ. உன் தம்பி வாயாலயே கேட்டுக்கோ."

அப்புறம் பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போனது. இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதா, மொத்தமாகத் தூக்கிவிட்டு வேறு இன்ஜின் வைப்பதா? வேலை பார்த்தால் மூன்று வாரம் ஆகும். இன்ஜினுக்குள் சுழல்கிற தண்டான கிராங்க்கை லேத் பட்டறையில் தேய்க்க வேண்டும், பேரிங், பிஸ்டன் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். மாற்றினால் இரண்டே நாள். வண்டிகளைப் பிரித்து விற்கிற யார்டில் ஓடின இன்ஜின் கிடைக்கும். பழையதை யார்டுக்காரனே எடுத்துக்கொள்வான். ஆனால் யார் ஓட்டினது, எப்படி ஓட்டினது, எதற்காகக் கழற்றினது, ஒன்றும் தெரியாது. அடுத்தவன் தலைவலியை வாங்கி நம் கழுத்தில் மாட்டிக்கொள்கிற வேலை அது. இருபது வருடமாக நான் வேலை பார்ப்பதுதான் சரி என்று கூவுகிறவன்.

"மாத்திடு மச்சான்" என்றார் அத்தான். "ரெண்டு நாள்ல வண்டி ஓடட்டும். டிரைவர் ஒருத்தருக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

"வேலையே பாப்போம். மூணு வாரமும் வாடகை வண்டில நானே ஓட்டிடறேன்" என்றாள் அக்கா.

"நீ ஓட்டினது போதும்."

"போதும்னு நீங்க சொன்னா போதுமா?"

"இன்ஜினையே முழுங்கிட்டு என்ன பேச்சு?"

அக்கா வண்டியை விட்டு இறங்கினாள். "என் தம்பி திறந்து பாக்கட்டும். என் ஓட்டத்தாலதான்னு அவன் சொன்னா சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். நான் வாய் திறக்க மாட்டேன். வேலை பாக்கறதா மாத்தறதான்னும் அவனே சொல்லட்டும். அவன் சொன்னா சரியா இருக்கும்."

கல்யாணம், காரியம், எங்கே போனாலும் அவள் சொல்லுகிற வாக்கியம் அது. அவன் சொன்னா சரியா இருக்கும். எனக்குப் பழகிப்போன வாக்கியம். அன்றைக்கும் பெரிதாகக் காதில் விழவில்லை.

மதியம் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, எண்ணெயை வடித்து, சம்ப்பைக் கழற்றினேன். சம்ப் என்பது இன்ஜினுக்கு அடியில் இருக்கிற எண்ணெய்த் தொட்டி. உள்ளே ஒரு குழாய் எண்ணெயை உறிஞ்சி மேலே அனுப்பும். குப்பை போகாமல் இருக்க அந்தக் குழாயின் வாயில் டீ வடிகட்டி மாதிரி ஒரு கம்பி வலை. மல்லாந்து படுத்தபடி டார்ச் அடித்துப் பார்த்தேன்.

வலை அடைத்திருந்தது. முக்கால்வாசி. மண்புழு மாதிரி நீளநீளமாக, ரப்பர். நகத்தால் ஒன்றைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். கழுவாமலே நிறம் தெரிந்தது. ஆரஞ்சு.

இந்த வட்டாரத்தில் எல்லோரிடமும் இருப்பது கறுப்பு அல்லது சாம்பல் நிறப் பேஸ்ட். ஆரஞ்சு ஒரே ஒரு ட்யூப்தான் வந்தது. உதிரிபாகக் கடைக்காரர், 'புது சரக்கு, போட்டுப் பாத்துச் சொல்லுங்க' என்று என்னிடம் கொடுத்தார். நான் சிரித்துக்கொண்டே வாங்கி அலமாரியில் போட்டேன். பாதி பிதுங்கிய அந்த ட்யூப் அப்போதும் அங்கேதான் இருந்தது.

கீழேயே படுத்திருந்தேன். பதினாலு மாதத்துக்கு முந்தைய ஒரு மதியம் அப்படியே திரும்பி வந்தது. சம்ப்பில் எண்ணெய் கசிகிறது என்று அக்கா வந்திருந்தாள். கழற்றித் துடைத்துப் பேக்கிங்கை வைக்கும்போது அது என் கையிலேயே கிழிந்தது. கடைக்குப் போனால் மூடியிருந்தார்கள். அக்கா, 'அவசரமில்லடா, நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்' என்றாள். நான்தான், 'அரை மணி நேரம் உக்காரு, முடிச்சுத் தரேன். என்னைய என்ன பேஸ்ட்டுன்னு நெனச்சியா' என்றேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் அந்த ட்யூபை எடுத்தேன். ஒரே ஒரு தடவை, அதுவும் அக்கா வண்டிதானே, அடுத்த சர்வீசில் பிரித்து ஒழுங்காக வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த சர்வீசில் மறந்தே போனேன்.

அது மட்டும் என்றால் யானைக்கும் அடி சறுக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருப்பேன். இன்னொன்று இருந்தது.

ஆறு மாதத்துக்கு முன்னால் அக்கா போன் பண்ணினாள். "டேய், வண்டி சூடானப்புறம் சிக்னல்ல நிக்கறப்ப ஆயில் லைட்டு மினுக்கு மினுக்குனு எரியுது."

"ஆயில் இருக்கில்ல?"

"இருக்கு. குச்சிய எடுத்துப் பாத்துட்டுத்தான் பேசறேன்."

"அப்ப அது சுவிட்சு கோளாறுக்கா. பழைய வண்டில வர்றதுதான். கண்டுக்காத."

மூன்று நாள் கழித்து மறுபடி பேசினாள். மனசு கேட்கவில்லை, ஒருமுறை பார்த்துவிடு என்றாள். வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் அந்த விளக்கை எரியவைக்க ஒரு சுவிட்ச் உண்டு. நான் அழுத்தத்தை அளந்து பார்க்கவில்லை. அளக்கிற மீட்டர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, எட்டி எடுத்தால் போதும். அதற்குப் பதிலாகச் சுவிட்ச்சிலிருந்து ஒயரை உருவிவிட்டேன். "இனிமே எரியாது, போ." அக்கா சிரித்தாள். "அவ்வளவுதானா? இதுக்குப் போய் மூணு நாளா தூக்கம் கெட்டுக் கெடந்தேன்."

அன்றைக்கே சம்ப்பைத் திறந்திருந்தால் வலையைச் சுத்தம் செய்து ஒரு செட் பேரிங் போட்டதோடு முடிந்திருக்கும். விளக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அக்காவும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். நான் இரண்டு பேர் வாயையும் அடைத்தேன்.

இதை எழுதும்போது நான் பெரிய யோக்கியன் மாதிரித் தெரியலாம். அன்றைக்கு அப்படி இல்லை. எழுந்து உட்கார்ந்ததும் எனக்கு வந்த முதல் யோசனை, இன்ஜினை மாற்றிவிடலாம் என்பதுதான். வேலை பார்த்தால் லேத்துக்குப் போக வேண்டும். கிராங்க் ஏன் இப்படித் தேய்ந்தது என்று லேத்துக்காரர் கேட்பார். அவர் வாய் என் வாயைவிட நீளம். மாற்றினால் பழைய இன்ஜின் யார்டுக்குப் போய்விடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டியதில்லை, பூசணிக்காயையே லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். வயசான இன்ஜின், எப்படியும் இன்னும் ஒரு வருடம்தான் ஓடியிருக்கும் என்றும் சொல்லிக்கொண்டேன். எனக்கு நானே வக்கீல். ஊசியால் ஒவ்வொரு புழுவாகப் பிய்த்து ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டு மூடினேன். வலை பளபளவென்று ஆனது.

சாயந்திரம் அத்தானுக்குப் போன் பண்ணினேன். "மாத்திடலாம் அத்தான். இதுல வேலை பாக்கறது வேஸ்ட்டு. புதன்கிழமை காலைல யார்டுலருந்து இன்ஜின் வந்துடும்."

"அவ ஓட்டினதுதானே காரணம்?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே, "சரி விடு, உன் அக்காவ உன் வாயால சொல்லச் சொன்னா எப்படி" என்று வைத்துவிட்டார். நான் பொய் சொல்லவில்லை. சொல்வதற்கு அவசியமே வரவில்லை. அவ்வளவு சுலபமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் அக்கா நடந்தே வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. என் ஸ்டூலில் உட்கார்ந்து, ஜாக்கியில் நின்ற வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மாத்தறதுதான் சரிங்கறியா?"

"ஆமாக்கா."

"நீ எப்பவும் வேலை பாக்கச் சொல்லுவியே."

"இது ரொம்பப் போயிடுச்சு."

அவள் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நேத்தெல்லாம் யோசிச்சுப் பாத்தேன்டா. போன மாசம் ரெண்டு நாள் எனக்குக் காய்ச்சல். அந்த ரெண்டு நாளும் குச்சிய எடுத்துப் பாத்தனா இல்லையான்னு சத்தியமா ஞாபகம் இல்ல. பாத்த மாதிரியும் இருக்கு, பாக்காத மாதிரியும் இருக்கு. அவர் சொல்றப்ப கோவம் வந்துச்சு. ஆனா நீயும் சொன்னியே. உனக்குத் தெரியாதா? ஒருவேளை நான்தான் விட்டுட்டனோ என்னமோ."

நான் ஸ்பேனரைத் துடைத்தேன். ஏற்கனவே துடைத்த ஸ்பேனர்.

"அவர்கிட்ட சொல்லிட்டேன். இனிமே ஓட்டல. டிரைவரே வரட்டும்" என்றாள். "ஓட்டறப்ப ஒரு மாதிரி நல்லா இருக்கும்டா. விடியக்காலைல பண்ணை ரோட்டுல யாரும் இருக்க மாட்டாங்க. பின்னாடி மூவாயிரம் முட்டை. ஒண்ணுகூட ஆடாது. அப்ப எனக்கே என்னைய நெனச்சா ஒரு இது. சரி, அதெல்லாம் எதுக்கு இப்ப."

எழுந்தாள். வண்டிக்குள் கையை விட்டுக் கொக்கியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து என் மேஜையில் வைத்தாள். "இதை வெச்சுக்க. உனக்குக் கை தொடைக்க ஆகும்."

அவள் போய்விட்டாள். நான் துணியைப் பிரித்தேன். வரி வரியாக, ஒரு வரிக்குப் பக்கத்தில் ஒரு வரி. கறை படாத இடம் தேடித் தேடித் துடைத்திருக்கிறாள். இடம் தீர்ந்ததும் திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் துடைத்திருக்கிறாள். ஒருநாளும் தவறு செய்யாத ஒருத்தியை, தவறு செய்ததாக அவளே நம்பும்படி ஆக்கிவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. பதினோரு வருடம் ஊருக்குச் சொன்ன உபதேசம் மொத்தமும் வரிசையில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது.

டப்பாவையும் துணியையும் எடுத்துக்கொண்டு கடையைப் பூட்டாமலே கிளம்பினேன்.

அவர்கள் வீட்டு முன்னறை முழுக்க முட்டைத் தட்டுகள், ஆள் உயரத்துக்கு. நடுவில் ஒருவர் நடக்கிற அளவுக்கு வழி. அத்தான் நாற்காலியில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். அக்கா கீழே உட்கார்ந்து தட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே டப்பாவைத் திறந்து அத்தான் பக்கத்திலிருந்த மேஜையில் கொட்டினேன்.

"என்ன மச்சான் இது, புழு?"

"பேஸ்ட்டு. சம்ப்புக்குள்ள இருந்துச்சு. ஆயில் இழுக்கற வலைய இதுதான் அடைச்சிருக்கு. ஆயில் இருந்தும் மேல போகல. அதான் பேரிங் போச்சு."

"பேஸ்ட்டா? யாரு போட்டது?"

"நான். போன வருஷம் கசிவுக்குப் பாத்தப்ப. பேக்கிங் கிழிஞ்சிடுச்சு. இதை வெச்சு மூடினேன். அக்கா மேல எந்தத் தப்பும் இல்ல. நேத்தே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மாத்தச் சொன்னேன்."

அத்தான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. "நீ மனுஷனாடா? அவ நேத்து ராத்திரி சாப்பிடல. நான் வேற வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். நீ எல்லாத்தையும் கேட்டுட்டு நின்னியே." இன்னும் என்னென்னவோ சொன்னார். எல்லாம் எனக்குச் சேர வேண்டியதுதான், வாங்கிக்கொண்டேன். பாதியில் அவர் குரல் இறங்கிவிட்டது. பேசியவர்களில் தானும் ஒருவர் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

அக்கா ஒரு ஆரஞ்சுப் புழுவை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தாள். இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது.

"லைட்டு எரிஞ்சுதே" என்றாள். "நான் ரெண்டு தடவை சொன்னேனே."

"ஆமாக்கா."

"அப்ப அது சுவிட்சு இல்ல."

"இல்ல."

"அன்னைக்கு நீ திறந்து பாத்திருந்தா?"

"பேரிங்கோட போயிருக்கும்."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முட்டையிடற கோழிக்குத்தான் வலி தெரியும்பாங்க" என்று மட்டும் சொன்னாள், தனக்குத்தானே சொல்வது போல. பாதி அடுக்கிய வரிசையை முடித்துவிட்டு எழுந்தாள்.

"இன்ஜினை மாத்த வேண்டாம். வேலையே பாப்போம்."

"நான் பாக்கறேன்க்கா. வேற எந்த வண்டியையும் தொட மாட்டேன். ரெண்டே வாரத்துல—"

"நீ வேண்டாம்."

அக்கா புழுக்களைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினாள். "நீ பேஸ்ட்டுன்னு சொல்லுவியே ஒருத்தர். பொறுமையா வேலை பாப்பாருன்னு பண்ணையில சொல்லிட்டு இருந்தாங்க. அவர்கிட்ட குடுக்கலாம். அவர் பேர் என்ன?"

நான் வாயைத் திறந்தேன். பதினோரு வருடங்களில் அவரைப் பற்றி ஆயிரம் கிண்டல் சொல்லியிருப்பேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது.

"தெரியாதுக்கா."

"சரி. நானே கேட்டுக்கறேன்" என்றாள்.

யார்டுக்காரனுக்குப் போன் பண்ணி இன்ஜின் வேண்டாம் என்றேன். மூன்று பேருமாகக் கடைக்குத் திரும்பினோம். சம்ப்பைத் தூக்கி நாலு போல்ட்டில் சும்மா தொங்கவிட்டேன், இழுத்துக்கொண்டு போகிற தூரத்துக்கு அது போதும். என் பழைய ஜீப்பில் கயிற்றைக் கட்டினேன். இழுபடுகிற வண்டியில் ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், கயிறு தொய்யாமல் பிரேக்கும் பார்த்துப் பிடிக்க வேண்டும். இன்ஜின் ஓடாதபோது இரண்டுமே கல்லாக இருக்கும். ஒன்றும் தெரியாதவன் உட்கார்ந்தால் முன்வண்டியின் முதுகில் ஏறிவிடுவான். நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் தன் காலைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"இந்தா" என்று நீட்டினார். "பாத்து ஓட்டு" என்றார்.

அக்கா வாங்கிக்கொண்டாள். நான் மஞ்சள் துணியைக் கொடுத்தேன். "கை தொடைக்கலையா இதுல?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பழைய கொக்கியிலேயே மாட்டினாள். ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங் பூட்டு விடுபடச் சாவியைத் திருப்பியவள் டேஷ்போர்டைப் பார்த்துக் கையை நிறுத்தினாள்.

"இங்க ஒரு சிவப்பு லைட்டு இருந்துச்சு. அதை எரிய வை. அப்புறம்தான் வண்டி நகரும்."

வண்டிக்கு அடியில் மறுபடி படுத்தேன். ஆறு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒயரின் முனையைத் துடைத்து சுவிட்ச்சில் செருகினேன். மேலேயிருந்து அவள் குரல் வந்தது. "எரியுது."

இரண்டு தெரு. நடையை விட மெதுவாகப் போனேன். கயிறு ஒரு இடத்தில்கூடத் தொய்யவில்லை, ஒரு இடத்தில்கூட வெடுக்கென்று இழுக்கவில்லை. கண்ணாடியில் அக்காவின் முகம் தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, என் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து ஓட்டினாள். வழியில் தெரிந்தவர்கள் சிலர் தங்கள் கடை வாசலில் நின்று பார்த்தார்கள். நான் வேறொருவர் கடைக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போவதை அவர்கள் முன்பு பார்த்ததே இல்லை.

அவர் கடை வாசலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஏதோ புதிய கிண்டலுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். நான் டப்பாவை நீட்டினேன். ஒரு துண்டை எடுத்து முகர்ந்து, இழுத்து, வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு பார்வையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"வலையில இருந்துச்சா?"

"ஆமா."

"பாவம், நல்ல இன்ஜின். கிராங்க் தேய்ச்சா வந்துடும். மாத்த வேண்டியதில்ல." டப்பாவை மூடினார். "யாரு பூசினது?"

வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அத்தான் செருமினார், ஆனால் சொல்லவில்லை. அக்கா வண்டியிலிருந்து இறங்கவில்லை. சாவியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நான்தான்" என்றேன். பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை சொன்னேன். "நான்தான் பூசினேன்."

அக்கா அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்பி விளக்கை அணைத்தாள்.